தக்கவைப்பு ஷரத்து: அமெரிக்க பேஸ்பாலில் ஓர் ஒப்பந்தத்தின் வரலாறு

தக்கவைப்பு ஷரத்து என்பது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் வீரர்களின் ஒப்பந்தங்களில் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆட்சி செய்த ஒரு நிபந்தனை ஆகும். 1879ஆம் ஆண்டு அணி உரிமையாளர்களுக்கு இடையிலான இரகசிய உடன்பாடாகத் தொடங்கிய இது, பின்னர் அச்சடித்த ஒப்பந்தப் படிவத்திலேயே இடம்பெற்றது. 1975ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பால் வலுவிழந்தது. இதன்படி ஒரு வீரர் ஓராண்டுக்கு மட்டும் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த ஆண்டு முடிந்த பிறகு அவரை வைத்துக்கொள்வதும், விற்பதும், வேறோர் அணிக்கு மாற்றுவதும், வேண்டாம் என்று அனுப்பிவிடுவதும் அணியின் விருப்பம். வீரருக்கு இருந்த ஒரே உரிமை, ஆட்டத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான்.

ஐபிஎல் ஏலத்துக்கு முன்பு ஒவ்வோர் அணியும் தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலை நம் நாளிதழ்களில் பார்த்திருப்போம். அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்தியுள்ளோம். ஆனால் அமெரிக்க பேஸ்பாலில் தக்கவைப்பு என்பது சில பருவங்களுக்கானது அல்ல, ஆயுள் முழுவதற்குமானது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்கு மாறலாமா என்ற கேள்வி, கூடுதல் சம்பளம் கேட்கும் வீரர்களை நோக்கி அன்று முதல் இன்று வரை கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஷரத்தின் வரலாற்றைப் படிப்பவர் அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கும்: அந்தத் தாளில் உண்மையில் என்ன எழுதியிருந்தது? நூறாண்டுகளில் இதைத் தூக்கிப் போட்டு ஓடியவர்கள் பலர். வழக்காடித் தோற்றவர்கள் சிலர். கடைசியில் இதை முடிவுக்குக் கொண்டுவந்தவர்கள், ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்து அதன்படியே நடந்தவர்கள்.

தோற்றம்

அமெரிக்காவில் பேஸ்பால் தொழிலாக மாறிய 1870களில் வீரர்கள் ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்குத் தாவுவது அன்றாட நிகழ்ச்சி. இதில் குற்றம் வீரர்களுடையது மட்டுமல்ல. 1875ஆம் ஆண்டு பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே சிகாகோ அணியின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட், பாஸ்டன் அணியின் சிறந்த நான்கு வீரர்களை அடுத்த ஆண்டுக்கு இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டார். பருவத்தின் நடுவில் அப்படிச் செய்வது அன்றைய விதிகளுக்கு எதிரானது. செய்தி வெளியே கசிந்தது. அந்த நால்வரும் பாஸ்டன் ரசிகர்களின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே ஆடி, அந்த ஆண்டு பாஸ்டனுக்கே கோப்பையை வென்று கொடுத்துவிட்டுச் சிகாகோ போனார்கள். அவர்களில் ஒருவர் ஆல் ஸ்பால்டிங். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்தின் மேல் அச்சடித்திருக்கும் ஸ்பால்டிங் என்ற பெயர் இவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே.

விதியை மீறியதற்காகத் தண்டிக்கப்படலாம் என்ற நிலையில் ஹல்பர்ட் முந்திக்கொண்டு 1876 பிப்ரவரியில் தேசிய லீக் என்ற புதிய அமைப்பையே உருவாக்கினார். ஒப்பந்தத்தின் புனிதத்தைக் காப்பது அந்த லீக்கின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று!

அதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. பிலடெல்பியா அணியில் ஆடிய ஏட்ரியன் ஆன்சன் என்ற இளைஞரும் சிகாகோவுடன் கையெழுத்திட்டிருந்தார். அவர் மணக்கவிருந்த பெண்ணுக்குப் பிலடெல்பியாவை விட்டுப் போக விருப்பமில்லை. தன்னை விடுவித்தால் 1,000 டாலர் தருவதாக ஆன்சன் சொல்லிப் பார்த்தார். அது அவருடைய ஓராண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி. சிகாகோ மறுத்தது. ஆன்சன் வேறு வழியின்றி, கொடுத்த வாக்குக்காகச் சிகாகோ போய்ச் சேர்ந்து, அந்த அணியிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். பிற்காலத்தில் கறுப்பின வீரர்களைக் களத்திலிருந்து ஒதுக்கியதில் பங்கு வகித்தவர் என்ற பழியும் அவருக்கு உண்டு. ஒரு மனிதர் ஒரு விஷயத்தில் நேர்மையாளராக இருப்பதால் எல்லாவற்றிலும் அப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது.

1879ஆம் ஆண்டு ஜார்ஜ் ரைட், ஜிம் ஓரூர்க் என்ற இரு முன்னணி வீரர்கள் பாஸ்டனை விட்டுப் பிராவிடன்ஸ் அணிக்குச் சென்றனர். அந்த ஆண்டுக் கோப்பையும் பிராவிடன்ஸுக்கே போனது. பாஸ்டன் உரிமையாளர் ஆர்தர் சோடனுக்கு இது பொறுக்கவில்லை. செப்டம்பர் 29 அன்று பஃபலோ நகரில் கூடிய உரிமையாளர்கள், ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம், அவர்களை மற்ற அணிகள் அணுகக் கூடாது என்று தங்களுக்குள் பேசி முடித்தார்கள். வீரர்கள் யாரும் இதில் கையெழுத்திடவில்லை. அவர்களிடம் கேட்கவும் இல்லை.

தொடக்கத்தில் அந்த ஐவரில் ஒருவராக இருப்பது பெருமை என்றுகூடச் சில வீரர்கள் எண்ணினர். அடுத்த ஆண்டு வேலை உறுதி அல்லவா? அப்படி எண்ணாதவர் ஜார்ஜ் ரைட். பிராவிடன்ஸ் தக்கவைத்த அவர் பாஸ்டனுக்குத் திரும்ப விரும்பினார். முடியவில்லை. விளையாட்டுப் பொருள் வணிகம் கையில் இருந்ததால் 1880ஆம் ஆண்டுப் பருவம் ஏறத்தாழ முழுவதையும் ஆடாமலே கழித்தார். வணிகம் இல்லாத மற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஐந்து என்ற எண்ணிக்கை விரைவில் பதினொன்றாகி, 1887இல் பதினான்காகியது. அன்றைய அணி ஒன்றின் முழு அளவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

வார்டும் வீரர்களின் சங்கமும்

இந்த ஏற்பாட்டை முதலில் சட்டக் கண்ணோடு பார்த்தவர் ஜான் மாண்ட்கோமரி வார்டு. நியூயார்க் அணியில் ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1885ஆம் ஆண்டு தொழில்முறை பேஸ்பால் வீரர்களின் முதல் சங்கத்தை அமைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லிப்பின்காட்ஸ் இதழில், பேஸ்பால் வீரன் ஓர் உடைமைப் பொருளா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிய பழைய சட்டத்தோடு அதில் தக்கவைப்பு விதியை ஒப்பிட்டார். அடிமை முறை ஒழிந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைவில் கொண்டால் அந்த ஒப்பீட்டின் சூடு புரியும்.

வார்டு சுட்டிய முக்கியக் குறை, ஒப்பந்தம் ஒரு பக்கமாகவே கட்டிப்போடுகிறது என்பது. வீரரை அணி ஆயுள் முழுவதும் வைத்திருக்கலாம். ஆனால் அணிக்கு வேண்டாம் என்றால் பத்து நாள் முன்னறிவிப்பில் அவரை வெளியேற்றலாம். நம் ஊர்த் தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் நின்றுகொள்ள நினைத்தால் சாவி கிடைக்காது. நிர்வாகம் நிறுத்த நினைத்தால் மறுநாளே பீரோ திறந்துவிடும்.

1888ஆம் ஆண்டு இறுதியில் ஸ்பால்டிங் தலைமையில் இரண்டு அணிகள் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டன. வார்டும் உடன் சென்றார். ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு எகிப்து போகும் வழியில் 1889 ஜனவரியில் அவர்கள் கொழும்பிலும் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். வார்டு இப்படிக் கடல் கடந்து போயிருந்த வேளையில் உரிமையாளர்கள் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தனர். வீரர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து, ஆண்டுச் சம்பளம் 1,500 முதல் 2,500 டாலருக்குள் என்று உச்சவரம்பு வைக்கும் திட்டம் அது. களத்தில் ஆடும் திறமையோடு களத்துக்கு வெளியே உள்ள நடத்தைக்கும் மதிப்பெண் உண்டு.

வார்டு திரும்பி வந்ததும் வீரர்கள் தங்களுக்கென்றே ஒரு லீக் தொடங்கினர். 1890இல் பெரும்பாலான முன்னணி வீரர்கள் அதற்குப் போய்விட்டார்கள். நியூயார்க் அணி வார்டு மீது வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தடையாணை தர மறுத்துவிட்டது: அடுத்த ஆண்டுக்கு என்ன சம்பளம், என்ன நிபந்தனை என்று எதுவுமே எழுதாத ஒரு வாக்கை எப்படி நிறைவேற்றச் சொல்வது? ஒரு தரப்பு பத்து நாளில் விலகலாம், மற்றத் தரப்பு விலகவே கூடாது என்பதில் என்ன சமநீதி இருக்கிறது?

சட்டத்தில் வென்ற வீரர்கள் பணத்தில் தோற்றார்கள். மூன்று லீக்குகள் ஒரே ஊர்களில் போட்டியிட்டதில் எல்லாருக்கும் நட்டம். வீரர்களின் லீக்குக்குப் பணம் போட்டவர்கள் அந்தப் பருவம் முடிந்ததும் பழைய உரிமையாளர்களோடு சமரசம் செய்துகொண்டு விலகினர். வீரர்கள் பழைய படிவத்திலேயே மீண்டும் கையெழுத்திட்டனர்.

லாஜோய் வழக்கு

நீதிமன்றத்தின் மனம் பத்தாண்டுகளில் மாறியது. பிலடெல்பியா பில்லிஸ் அணியின் நாப் லாஜோய், 1901இல் புதிதாகத் தொடங்கிய அமெரிக்க லீக்கில் சேர்ந்து, அதே ஊரின் அத்லெட்டிக்ஸ் அணிக்காக ஆடினார். அந்த ஆண்டு அவருடைய மட்டையடிச் சராசரி .426. பில்லிஸ் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் மறுத்தாலும், 1902 ஏப்ரலில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பில்லிஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கு வழிகாட்டியாக இருந்தது லண்டனில் 1852ஆம் ஆண்டு நடந்த ஒரு பாடகியின் வழக்கு. ஜொஹானா வாக்னர் என்ற ஜெர்மானிய ஓபரா பாடகி (இசைமேதை ரிச்சர்ட் வாக்னரின் சகோதரர் வளர்த்த மகள்) ஓர் அரங்குடன் ஒப்பந்தம் செய்துவிட்டுக் கூடுதல் பணத்துக்கு வேறோர் அரங்கில் பாட ஒத்துக்கொண்டார். எங்கள் அரங்கில் பாடு என்று ஒருவரை வற்புறுத்த முடியாது, ஆனால் வேறு இடத்தில் பாடாதே என்று தடுக்கலாம் என்றது நீதிமன்றம். அதே நியாயத்தை லாஜோய்க்கும் பொருத்தினார்கள். இவர் எளிதில் ஈடுசெய்ய முடியாத ஆட்டக்காரர், ஆகவே வேறு அணியில் ஆடக் கூடாது. பத்து நாள் ஷரத்து ஒருதலைப்பட்சம் என்ற வாதம் இம்முறை எடுபடவில்லை. நல்ல சம்பளம் கொடுத்திருப்பதே அதற்கு ஈடு என்று நீதிபதிகள் கருதினர்.

ஆனால் அந்த ஆணை பென்சில்வேனியா எல்லைக்குள்தான் செல்லும். லாஜோய் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து அணிக்குப் போய்விட்டார். அணி பிலடெல்பியாவுக்கு ஆடச் செல்லும்போது அவர் மட்டும் ரயிலில் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போய், நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் ஓய்வெடுத்துவிட்டு அணியோடு மறுபடி சேர்ந்துகொள்வார். 1903இல் இரண்டு லீக்குகளும் ஒன்றோடொன்று சமாதானம் ஆகி, ஒன்றின் தக்கவைப்புப் பட்டியலை மற்றது மதிப்பதென ஒத்துக்கொண்டன. அதோடு தாவுவதற்கு இடமில்லாமல் போயிற்று.

பிறகு வந்த வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1914, 1915ஆம் ஆண்டுகளில் நடந்து மூடப்பட்ட ஃபெடரல் லீக்கைச் சேர்ந்த பால்டிமோர் அணி, ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 1922இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஆகவே அச்சட்டம் பொருந்தாது என்று எழுதினார். 1946இல் மெக்சிகோ லீக்கில் ஆடப் போனதற்காகத் தடை செய்யப்பட்ட டேனி கார்டெல்லாவின் வழக்கு மேல்முறையீட்டில் வலுப்பெற்றபோது, உரிமையாளர்கள் அவருக்குப் பணம் கொடுத்து வெளியே முடித்துக்கொண்டனர். 1953இல் மறுபடி உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதி செய்தது. குத்துச்சண்டைக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் அடுத்த நான்காண்டுகளுக்குள் கூறியது. பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு.

கர்ட் ஃப்ளட்

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற வீரரைப் பிலடெல்பியா பில்லிஸுக்கு மாற்றியது. பன்னிரண்டு பருவங்கள் அந்த அணிக்காக நடுக்களத்தில் நின்றவர். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து ஏழு முறை பெற்றவர். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியின் தூண்களில் ஒருவர். மாற்றப்பட்ட செய்தி அவருக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது.

ஃப்ளட்டின் சம்பளம் அப்போது ஆண்டுக்கு 90,000 டாலர். பில்லிஸ் 1,00,000 தர முன்வந்தது. அன்றைய கணக்கில் அது மிகப் பெரிய தொகை. அதனால்தான் பலருக்கு அவர்மீது கோபம் வந்தது: இவ்வளவு வாங்குகிறவனுக்கு என்ன குறை? ஃப்ளட்டின் பதில், பணம் எவ்வளவு என்பதல்ல பிரச்சினை என்பதே. 1969 டிசம்பர் 24 தேதியிட்டு பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு எழுதிய கடிதத்தில், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்பதற்குத் தான் ஒரு சொத்து அல்ல என்றும், மற்ற அணிகளின் அழைப்பையும் பரிசீலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்றும் தெரிவித்தார். ஆணையர் மறுத்தார்.

வீரர் சங்கத்தின் செயல் இயக்குநர் மார்வின் மில்லர் முன்பு எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றியவர். வழக்கில் வெல்வது கடினம், வென்றாலும் உனக்குப் பலன் இராது, பயிற்றுநர் வேலைகூடக் கிடைக்காது என்று அவர் ஃப்ளட்டிடம் ஒளிக்காமல் சொன்னார். மற்ற வீரர்களுக்குப் பலன் கிடைக்குமா என்று ஃப்ளட் கேட்டார். கிடைக்கும் என்றதும், அது போதும் என்றார். சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்தர் கோல்ட்பர்க் அவருக்காக வாதாடினார்.

1970இல் நியூயார்க்கில் நடந்த விசாரணையில் ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன், ஹாங்க் கிரீன்பெர்க் ஆகியோர் ஃப்ளட்டுக்காகச் சாட்சி சொன்னார்கள். அந்த ஆண்டு ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வந்து உட்காரவில்லை. சங்கத்தில் கை தூக்கியவர்கள்தாம்; பயம். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டு கையெழுத்துக்காக அதே உரிமையாளர் முன்னால் போய் நிற்க வேண்டியவர்கள்.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் ஃப்ளட்டின் வழக்கைத் தள்ளியது. பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு இருப்பது முறைக்குப் பொருந்தாத ஒன்றுதான் என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் ஒப்புக்கொண்டார். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக இருப்பதை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்றார். அதற்குள் ஃப்ளட்டின் ஆட்ட வாழ்வு முடிந்திருந்தது. 1970 பருவம் முழுவதையும் இழந்து, 1971இல் வாஷிங்டன் அணிக்காகப் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 33.

முறித்தவர் உரிமையாளர்

ஃப்ளட் வழக்கு நடந்துகொண்டிருந்த 1970ஆம் ஆண்டில் சங்கம் உரிமையாளர்களோடு ஒரு பொது ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தின் பொருள் பற்றித் தகராறு வந்தால் நடுநிலையான மத்தியஸ்தர் தீர்ப்பார் என்பது அதில் ஒரு பிரிவு. அதற்குமுன் உரிமையாளர்கள் நியமித்த ஆணையரே இறுதித் தீர்ப்பாளர். பத்திரிகைகள் இந்த மாற்றத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நீதிமன்றங்களால் ஆகாததை ஐந்தே ஆண்டுகளில் இந்தப் பிரிவு செய்தது.

ஓக்லாந்து அணியின் பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹன்ட்டருக்கு 1974ஆம் ஆண்டுச் சம்பளம் 1,00,000 டாலர். அதில் பாதியை அவருடைய பிற்காலத்துக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. உரிமையாளர் சார்லி ஃபின்லி செலுத்தவில்லை. அப்படிச் செலுத்தினால் தனக்கு உடனே வரிக்கழிவு கிடைக்காது என்பது காரணம். சங்கம் நினைவூட்டியது, கேட்டது, எழுத்து மூலம் அறிவித்தது. பலனில்லை. ஹன்ட்டர் அந்தப் பருவம் முழுவதும் ஆடி அணிக்கு உலகத் தொடரை வென்று கொடுத்த பிறகு வழக்கு மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸிடம் போனது. ஒரு தரப்பு ஒப்பந்தத்தை மீறிவிட்டதால் மறுதரப்பு அதிலிருந்து விடுபடுகிறது என்று 1974 டிசம்பரில் சைட்ஸ் தீர்ப்பளித்தார்.

கையெழுத்தை மதிக்காத வீரர்களைப் பற்றி நூறாண்டுகளாகப் பேசிய ஆட்டத்தில், ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தன் வீரரையே இழந்தவர் ஓர் உரிமையாளர். ஹன்ட்டரின் வட கரோலினா ஊருக்கு அணிகளின் பிரதிநிதிகள் படையெடுத்தனர். ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் யாங்கீஸ் அவரை ஐந்தாண்டுகளுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. தடை இல்லாவிட்டால் ஒரு வீரரின் விலை என்ன என்று மற்ற வீரர்கள் எல்லாரும் அன்று தெரிந்துகொண்டனர்.

ஓர் ஆண்டு என்றால் எத்தனை ஆண்டு?

அனைத்து வீரர்களுக்கும் பொதுவான ஒப்பந்தப் படிவத்தில் 10(ஏ) என்று ஒரு பத்தி இருந்தது. வீரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால், அதே நிபந்தனைகளில் பழைய ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு அணி புதுப்பித்துக்கொள்ளலாம் என்றது அது. ஓராண்டு என்றால் ஓராண்டுதானே என்றார் மில்லர். உரிமையாளர்கள் வேறு விதமாகப் படித்தார்கள். புதுப்பித்த ஒப்பந்தத்தில் எல்லா நிபந்தனைகளும் அடங்கும். புதுப்பிக்கும் உரிமையும் அவற்றுள் ஒன்று. எனவே அதைக் கொண்டு மறுபடியும் புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகும் புதுப்பிக்கலாம். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் இப்படி ஒரு வரி எழுதி வைத்து, குடியிருப்பவர் சாகும்வரை காலி செய்யக் கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்!

இதைச் சோதிக்க ஒரு வழிதான். ஒரு வீரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், புதுப்பிக்கப்பட்ட அந்த ஓராண்டை முழுவதும் ஆடி முடிக்க வேண்டும். 1972இல் செயின்ட் லூயிஸின் டெட் சிம்மன்ஸ் கையெழுத்திடாமலே ஆடத் தொடங்கினார். பருவத்தின் நடுவில் அணி நல்ல சம்பளம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டது. பின்னர் வேறு சிலரும் அப்படித் தொடங்கி, பருவம் முடிவதற்குள் கையெழுத்திட்டனர். கேள்வி தீர்ப்புக்குப் போய்விடக் கூடாது என்பதில் உரிமையாளர்கள் கவனமாக இருந்தார்கள். தங்கள் வாசகத்தில் அவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லை என்றுதான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

1975இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் ஆன்டி மெஸ்ஸர்ஸ்மித், தன் சம்மதமின்றித் தன்னை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்று ஒரு வரி கேட்டார். அணி மறுத்தது. அவர் கையெழுத்திடவில்லை, ஆட மறுக்கவும் இல்லை. அந்தப் பருவத்தில் 40 ஆட்டங்களில் பந்துவீச்சைத் தொடங்கி 19 வெற்றிகளைப் பெற்றார். 321 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். ஒப்பந்தப்படி என்ன தர வேண்டுமோ அதில் ஒரு பந்துகூடக் குறைக்கவில்லை.

கடைசி நேரத்தில் டாட்ஜர்ஸ் அவரைக் கையெழுத்திட வைத்துவிட்டால் என்ன செய்வது என்று மில்லருக்குக் கவலை. மான்ட்ரியல் அணியின் டேவ் மெக்னாலி அந்த ஆண்டு ஜூனிலேயே ஆட்டத்தை விட்டு மொன்டானாவில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். ஆனால் கையெழுத்திடாதவர். அவரும் மனுவில் சேர்ந்துகொண்டார். மான்ட்ரியல் அணித் தலைவரே நேரில் போய்ப் பெரிய தொகை கொடுக்க முன்வந்தும் மெக்னாலி மறுத்துவிட்டார். இனி ஆடப் போவதில்லை, எனவே கையெழுத்திட்டு அந்தப் பணத்தை வாங்குவது முறையாகாது என்பது அவர் எண்ணம். இந்த வழக்கில் அவருக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை.

சைட்ஸ் இரு தரப்பையும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி கேட்டுப் பார்த்தார். உரிமையாளர்கள் தீர்ப்பையே கேட்டனர். 1975 டிசம்பர் 23 அன்று அவர் தீர்ப்பு வந்தது: அந்தப் பத்தி ஓராண்டுப் புதுப்பித்தலைத்தான் தருகிறது, ஆண்டு முடிந்துவிட்டது, இருவரும் சுயேச்சை வீரர்கள். அடிமைத்தளையை அறுப்பதாகத் தான் உரிமை கொண்டாடவில்லை, தக்கவைப்பு முறை நல்லதா கெட்டதா என்றும் சொல்லவில்லை, எழுதியிருப்பதன் பொருளை மட்டுமே சொல்கிறேன் என்று அதில் கவனமாகக் குறிப்பிட்டிருந்தார். தீர்ப்பு கைக்கு வந்த உடனேயே உரிமையாளர்கள் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். மேல்முறையீடு செய்து இரண்டு நீதிமன்றங்களில் தோற்றனர்.

1976 ஜூலையில் புதிய பொது ஒப்பந்தம் வந்தது. ஆறு ஆண்டுகள் ஆடியவர் சுயேச்சை வீரர் ஆகலாம் என்பது அதன் முக்கியப் பிரிவு. எல்லாருக்கும் உடனே விடுதலை வேண்டும் என்று மில்லர் கேட்டிருக்கலாம்; தீர்ப்பு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் ஒரே நேரத்தில் எல்லா வீரர்களும் சந்தைக்கு வந்தால் விலை சரியும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்குச் சரியாகவே வந்தது. 1976இல் சுமார் 51,500 டாலராக இருந்த சராசரி ஆண்டுச் சம்பளம் 1980இல் 1,43,000ஐத் தாண்டியது.

1976க்குப் பின்

அந்தப் புதிய ஒப்பந்தத்தில் உரிமையாளர்கள் கேட்டுச் சேர்த்த ஒரு வரி உண்டு. 1966இல் டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ், டான் டிரைஸ்டேல் இருவரும் சேர்ந்து பேரம் பேசிக் கூடுதல் சம்பளம் வாங்கியது அவர்கள் மனத்தில் முள்ளாக இருந்தது. எனவே வீரர்கள் மற்ற வீரர்களோடு கூட்டுச் சேர்ந்து பேரம் பேசக் கூடாது என்றார்கள். சரி, அப்படியானால் அணிகளும் மற்ற அணிகளோடு கூட்டுச் சேரக் கூடாது என்றார் மில்லர். இரண்டும் எழுதப்பட்டன.

1985ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் சுயேச்சை வீரர்களை எந்த அணியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே. 1987இல் ஆன்ட்ரே டாசன், சம்பள இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சிகாகோ கப்ஸ் அணியிடம் கொடுத்து, நீங்களே தொகையை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் 5,00,000 டாலர் என்று நிரப்பினார்கள். மான்ட்ரியல் அணி முந்தைய ஆண்டு அவருக்குக் கொடுத்ததைவிட அது மிகக் குறைவு. டாசன் அந்தத் தொகைக்கே ஆடி, அந்த ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். உரிமையாளர்கள் கூட்டுச் சேர்ந்ததை அடுத்தடுத்து மத்தியஸ்தர்கள் உறுதி செய்தனர். 1990இல் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்து அவர்கள் முடித்துக்கொண்டனர்.

வீரர்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரிக்கி ஹென்டர்சன் 1989 இறுதியில் ஓக்லாந்துடன் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தார். அடுத்தடுத்து மற்றவர்கள் அதைவிட அதிகம் வாங்கியதைக் கண்டு, 1991இல் தன் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று முரண்டு பிடித்தார். இங்கே நூறாண்டுக் கொடுமை எதுவும் இல்லை. முகவர் துணையோடு, சந்தையில் நின்று, தானே விரும்பிப் போட்ட கையெழுத்து அது. அணி இணங்கவில்லை. அந்த நிலையில் அணி சொன்னதுதான் சரி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஹென்டர்சன் முணுமுணுத்துக்கொண்டே ஆடி, மே 1 அன்று தளத் திருட்டில் உலகச் சாதனையும் படைத்தார்.

நியூயார்க் மெட்ஸ் அணி, பாபி போனியாவுக்கு 2000ஆம் ஆண்டில் தர வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை உடனே கொடுக்காமல், 8 சதவீத வட்டியோடு பிற்காலத்தில் தவணையாகத் தருவதாக ஒத்துக்கொண்டது. அவர் ஆட்டத்தை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று ஏறத்தாழ 12 லட்சம் டாலர் அவருக்குப் போய்ச் சேர்கிறது. 2035 வரை போகும்.

கர்ட் ஃப்ளட் 1997 ஜனவரி 20 அன்று காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், முதன்மை லீக் வீரர்களின் பணி நிபந்தனைகளைப் பொறுத்தவரை பேஸ்பாலுக்கு இருந்த விலக்கை நீக்கிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

2006 இறுதியில் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி, கில் மெஷ் என்ற பந்துவீச்சாளரை ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. நான்காவது ஆண்டில் அவர் தோள் கெட்டுவிட்டது. ஐந்தாவது ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் பாக்கி. பேஸ்பால் ஒப்பந்தத்தில் காயம் பட்டாலும் சம்பளம் உண்டு. பயிற்சி முகாமுக்கு வந்து, சிகிச்சை எடுத்துக்கொண்டு, அணியோடு உட்கார்ந்திருந்தாலே போதும், முழுத் தொகையும் அவருக்கு உரியது. ஓய்வை அறிவித்தால் ஒரு டாலரும் கிடையாது. பந்து வீச முடியாதபோது அந்தப் பணத்தை வாங்கத் தனக்கு மனம் ஒப்பவில்லை என்று சொல்லி, மெஷ் 2011 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 32.